படையல் மேசையில் ஒன்பது பீச் பழங்கள்

மால்சுக் ஒன்பதாவது பழத்தையும் எடுத்து ஏப்ரனுக்குள் போட்டுக்கொண்டபோது பின்னாலிருந்து சத்தம் வந்தது.

"சின்னம்மா! அதை யாரு தொடச் சொன்னா?"

அரங்கப் பொருட்களுக்குப் பொறுப்பான பாங் கிதே. கீழே கிடந்த வயர்களைத் தாண்டித் தாண்டி வந்தான். படப்பிடிப்பில் சமையல் செய்யும் பெண் யாராக இருந்தாலும் சின்னம்மாதான். மால்சுக்கிற்கு ஐம்பத்தெட்டு வயது.

"திதிக்குப் பீச் பழம் வைக்கக்கூடாதுப்பா."

"டைரக்டர் கலர் கேட்டாரு. மீன் பழுப்பு, கறி பழுப்பு, பலகாரம் பழுப்பு. காலையில நாலு கடை ஏறி இறங்கியிருக்கேன். திருப்பி அடுக்குங்க."

"உங்க வீட்டுல வைப்பாங்களா?"

"எங்க வீட்டுல திதியே கிடையாது. நாங்க சர்ச்சு."

மால்சுக் பழங்களோடு நின்றாள்.

சியோலுக்குப் பக்கத்தில் இல்சானில் இருந்த அந்த ஸ்டுடியோவில் அன்று வெள்ளிக்கிழமை. எடுப்பது மறுநாள் ராத்திரி எட்டு மணிக்கே ஒளிபரப்பாக வேண்டும். சோயா சாஸ் கம்பெனி முதலாளி ஒருவரின் குடும்பக் கதை. முதலாளி செத்து ஒரு வருடம். முதல் திதியில் மகன்கள் இருவரும் கம்பெனிக்காக மேசை முன்னாலேயே அடித்துக்கொள்கிறார்கள். மேசையில் உள்ள சோறு, சூப், மீன், கறி, எண்ணெயில் சுட்ட பலகாரம் எல்லாம் மால்சுக் சமைத்தவை. மூன்று நாள் வேலை. புகுந்த ஊரான அந்தோங்கில் இருந்த நாத்தனாருக்குப் போன் போட்டு, "சனிக்கிழமை பாரு, நான் போட்ட மேசை வருது" என்று சொல்லியும் விட்டாள். நாத்தனாருக்குச் சொன்னால் புகுந்த வீட்டுச் சொந்தம் மொத்தத்துக்கும் சொன்ன மாதிரி. அந்த மேசையில் பீச் பழம் தெரிந்தால் செத்தாலும் அவள் அந்த ஊருக்குப் போக முடியாது.

அவள் ஆறாவது பெண். இதோடு முடியட்டும் என்று 'மால்', அதாவது 'கடைசி', என்று பெயர் வைத்தார்கள். முடியவில்லை; அடுத்ததும் பெண். இருபது வயதில் மூத்த மருமகளாகப் போன வீட்டில் வருடத்துக்குப் பதினொரு திதி. இருபத்தெட்டு வருடம் செய்தாள். அந்த வீட்டில் சமைத்த தட்டுகளைப் பெண்கள் கதவு வரை கொண்டுபோவார்கள். ஆண்கள் வாங்கி அடுக்குவார்கள், கும்பிடுவார்கள். தட்டு மாறினால் உள்ளேயிருந்து கணவரின் பெரியப்பாவின் இருமல் வரும். அந்த இருமலைக் கேட்டே எது எங்கே என்று கற்றுக்கொண்டாள். கணவர் போனபிறகு சியோலுக்கு வந்து ஒரு சூப் கடையில் பாத்திரம் கழுவினாள். அங்கே சாப்பிட வந்த ஒருவர்தான் அவளை ஸ்டுடியோவுக்குக் கூட்டிவந்தார். இங்கே எட்டு வருடம்.

டைரக்டர் கையில் காகிதச் சுருளோடு வந்தார்.

"என்ன ஆச்சு? பத்து நிமிஷம் போச்சே."

"பழம் கூடாதுங்கறாங்க சார்," என்றான் கிதே.

"யாரும்மா பாக்கப் போறா? சண்டையைப் பாப்பாங்க."

"சண்டையைப் பாக்கறவங்க பாதிப்பேர். மீதிப்பேர் மீன் தலை எந்தப் பக்கம் இருக்குன்னு பாப்பாங்க. உங்க டிவி ஸ்டேஷன் போன் நாளைக்கு ஓயாது."

"சரி, வச்சா என்னதான் ஆகும்?"

"செத்தவர் வரமாட்டார். பீச் இருக்கற எடத்துல ஆவி நுழையாது. வாங்கன்னு கதவைத் திறந்து வச்சுட்டு வாசல்ல நாயைக் கட்டினாப்புல."

விளக்குக்காரர் ஒருவர் சிரித்தார். டைரக்டர் சிரிக்கவில்லை.

"பழம் இருக்கட்டும். எடுப்போம்."

மால்சுக் பழங்களைக் கிதேயின் கையில் ஒவ்வொன்றாகக் கொடுத்தாள். பிறகு மேசைக்குப் போய் மீன் தட்டைத் தூக்கினாள்.

"என்ன பண்றீங்க?"

"என் சாமானை எடுத்துக்கறேன் சார். நீங்க கடையில வாங்கி வச்சுக்கோங்க. இது நான் போட்ட மேசைன்னு யாரும் சொல்லக்கூடாது."

"இதுக்கப்புறம் இங்க வேலை இருக்காது, தெரியுமில்ல?"

"தெரியும்."

மீன் போயிற்று. கறித் தட்டும் போயிற்று. டைரக்டர் கதை எழுதும் மோ சன்யோங்குக்குப் போன் போட்டார். மேசையே காட்டாமல் சண்டையை முற்றத்தில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். காரணத்தையும் சொன்னார். அந்தப் பக்கம் என்ன கேட்டதோ, போனை மால்சுக்கிடம் நீட்டினார்.

"அம்மா, பீச் வச்சா செத்தவர் உள்ளயே வரமாட்டாரா?"

"வரமாட்டார்."

"அந்த வீட்ல அவர் வரக்கூடாதுன்னு நெனைக்கிற ஆள் யாரு?"

ஒரு வாரம்கூட விடாமல் தொடரைப் பார்ப்பவள் மால்சுக். யோசிக்கவே இல்லை.

"ரெண்டாவது மருமக. உயிலை மாத்தினவ அவதானே? மாமனார் வந்து உக்காந்தா மூஞ்சியில முழிக்க முடியுமா அவளால?"

போனில் பேனா காகிதத்தில் ஓடும் சத்தம் கேட்டது.

"ஒரு மணி நேரம் குடுங்கன்னு அவர்கிட்ட சொல்லுங்க. தட்டையெல்லாம் திருப்பி வையுங்கம்மா."

ஃபேக்ஸில் இரண்டு பக்கம் வந்தது. பதினொரு வசனம் இருந்த சண்டையில் ஒரு வசனமும் மிச்சமில்லை. சின்ன மருமகள் யாருக்கும் தெரியாமல் பீச் பழங்களை அடுக்குகிறாள். எல்லோரும் கூடி நிற்கும்போது முதலாளியின் விதவை பார்க்கிறாள். கைநீட்டி ஒவ்வொன்றாக எடுத்து மருமகளின் பட்டுப் பாவாடை மடியில் போடுகிறாள். அவ்வளவுதான்.

விதவையாக நடித்தவர் கும்ரே. நாற்பது வருட நடிகை. மூன்று தடவை எடுத்தார்கள். மானிட்டரில் டைரக்டர் நெற்றியைத் தேய்த்தார்.

"அக்கா, முகம் சரியா இருக்கு. கை மட்டும் க்ரீம் விளம்பரம் மாதிரி இருக்கு."

"அந்தக் கைக்கு எவ்வளவு ஊசி போட்டிருக்கேன் தெரியுமாய்யா? சாஸ் பானை கிளறின கையா அது?" என்று கும்ரே மால்சுக்கைப் பார்த்தார். "சின்னம்மா கையைப் படம் எடுங்க."

மால்சுக்கிற்கு வெள்ளைச் சட்டை போட்டுவிட்டார்கள். கும்ரே போட்டிருந்த பச்சைக் கல் மோதிரம் அவள் விரல் முட்டியில் நின்றுவிட்டது. நல்லெண்ணெய் தடவி அவளே இறக்கிக்கொண்டாள்.

பிறகு மேசைக்கு நேர் எதிரே உட்காரவைத்தார்கள். எத்தனையோ மேசைக்குச் சமைத்திருக்கிறாள். கும்பிடுகிறவர்களின் இடத்திலிருந்து ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. மீன் தலை கிழக்கே. சிவப்புப் பழம் கிழக்கே, வெள்ளை மேற்கே. சோற்றில் கரண்டி நேராக நின்றது. ஊதுபத்திப் புகை திறந்த கதவுப் பக்கம் போனது. எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. ஒருவரும் இருமவில்லை.

"ஆக்‌ஷன்."

நான்கு பழங்களை எடுத்துப் போட்டாள். ஐந்தாவதைப் போட்டதும் விரல்களில் ஒட்டிய சுணையை மருமகளின் பட்டிலேயே துடைத்துவிட்டு ஆறாவதுக்குப் போனாள். அது காகிதத்தில் இல்லை. மருமகளாக நடித்த பெண் நிஜமாகவே பின்வாங்கினாள். ஒன்பதும் முடிந்து வெகுநேரம் கழித்துத்தான் டைரக்டர் "கட்" சொன்னார். அப்புறம் அவளைப் பார்த்துத் தலையைக் குனிந்தார்.

"சின்னம்மா," என்றான் கிதே, "எங்க சர்ச்சுல சொல்லிடாதீங்க. எனக்கே புல்லரிச்சுப் போச்சு."

மறுநாள் சனிக்கிழமை. காலையில் மழை. மால்சுக் ஆறு மணிக்கு எழுந்து முளைப்பயறு சூப்பில் சோறு போட்டுச் சாப்பிட்டாள். ஸ்டுடியோவில் கொடுத்தனுப்பிய பீச் பழங்களில் இரண்டைத் தின்றாள். சந்தைக்குப் போய்க் கருவாடும் முள்ளங்கியும் வாங்கினாள். ராத்திரி எட்டு மணிக்குத் தொடர் வந்தது. அவள் கை பதினான்கு வினாடி வந்தது. முடிந்ததும் நாத்தனார் போன் செய்தாள்.

"அண்ணி, கட்டைவிரல்ல அந்தச் சூட்டுத் தழும்பு. எங்க வீட்டு எண்ணெய்ச் சட்டி சுட்டதுதானே?"

"அதேதான்."

"பெரியப்பா டிவிகிட்ட போய் நின்னுட்டார். ஒரு தட்டும் தப்பில்லன்னார். யாரு போட்டதுன்னு கேட்டார். சொன்னேன்."

"என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லல. இருமக்கூட இல்ல."

மால்சுக் போனை வைத்துவிட்டு மறுநாளைக்கு அரிசி ஊறவைத்தாள். ஸ்டுடியோ மோதிரம் இன்னும் கழலவில்லை. சோப்புப் போட்டுப் பார்த்தாள், எண்ணெய் தடவிப் பார்த்தாள். திங்கட்கிழமை அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அப்படியே படுத்துக்கொண்டாள்.