சுத்தத் தொட்டியில் விட்ட கை

பயந்த மீன் நோயில் விழும் என்பதை அந்த ஆய்வுக்கூடத்து டாக்டர்கள் ஆறு வருடம் படித்துத் தெரிந்துகொண்டார்கள். அங்கே தொட்டி கழுவும் தொட்டிக்காரி வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாளே தெரிந்துகொண்டாள். வலையைப் படாரென்று போட்டால் போதும். மீனுடம்பில் பயத்தின் ஹார்மோன் ஏறும், நோயை எதிர்க்கும் தெம்பு இறங்கும், மறுவாரம் வாலில் பஞ்சு ஒட்டியதுபோலப் பூஞ்சை. அதனால் அவள் கையுறை போடமாட்டாள். நீல ரப்பரைப் பார்த்தால் மீன்கள் மூலைக்கு ஓடின. வெறுங்கையென்றால் வந்து விரலைக் கடித்துப் பார்த்தன. இருபத்திரண்டு வருடம் கடிபட்ட கை.

சின்ன டாக்டரின் ஆராய்ச்சிக்கு இரண்டு தொட்டிகள். ஒன்றில் சுத்தமான தண்ணீர். இன்னொன்றில் ஊர்ச் சாக்கடை கலக்கும் இடத்துக்குக் கீழே மொண்ட ஆற்றுத் தண்ணீர். ஊரில் பெண்கள் விழுங்கும் கருத்தடை மாத்திரையின் பெண் ஹார்மோன் மூத்திரத்தோடு இறங்கி அதில் இருக்கும், அதைப்போலவே வேலைசெய்யும், பிளாஸ்டிக்கிலிருந்து கசிவதும் இருக்கும். அது மீனின் எதிர்ப்புச் சக்தியைக் குலைக்கும், பெண்மீனுக்கு மட்டுமே ஊற வேண்டிய முட்டை மஞ்சள் கருப் புரதத்தை ஆண்மீன் ரத்தத்தில்கூட ஊறவைக்கும் என்றார் டாக்டர். இரண்டு தொட்டியிலும் கிருமியை விட்டுவிட்டு, எது தாங்குகிறது என்று எண்ண வேண்டியதுதான் பாக்கி.

எண்ணினார்கள். அழுக்குத் தொட்டியில் நாற்பதுக்கு ஒன்பது செத்தது. சுத்தத் தொட்டியில் முப்பத்தொன்று. அந்த ஆண்மீன்களின் ரத்தம் பூராவும் மஞ்சள் கருப் புரதம்.

டாக்டர் இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள், மீன்களுக்குத் தீனி கலந்து போடும் தீனிக்காரரைப் பிடித்தார். சுத்தத் தொட்டியின் தீனிக்குத் தனி டப்பா. அதில் போன கோழிக்கழிவு மாவில்தான் ஹார்மோன் இருந்திருக்கும் என்று முடிவாயிற்று. ஓய்வுபெற எட்டு மாதம் இருந்த மனிதரை நீக்கும் கடிதம் வெள்ளிக்கிழமை கையெழுத்தாக வேண்டும்.

"என்னய்யா கலந்த?" என்று தொட்டிக்காரி கேட்டாள்.

"என் வாழ்க்கையை. வேற என்ன மிச்சமிருக்கு?" என்றார் அவர்.

சுத்தத் தொட்டித் தண்ணீரில் அகப்பட்ட ஹார்மோனின் பெயர் டாக்டரின் பலகையில் எழுதியிருந்தது. அதை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று தொட்டிக்காரி உள்ளங்கையில் குறித்துக்கொண்டாள். வீட்டில் அலமாரியைத் திறந்ததும் தெரிந்தது எங்கே என்று. மாதவிடாய் நின்றபிறகு உடம்பு அடுப்பாய் எரிந்த காலத்தில் மருத்துவர் எழுதிக்கொடுத்த ஜெல். எழுத்துக்கு எழுத்து அதே பெயர். நாலு மாதமாகத்தான் அவள் வேர்வை இல்லாமல் புடவை கட்டுகிறாள்.

"வாயை மூடிட்டு இரு. அவர் எப்படியும் எட்டு மாசத்துல போறவர்தானே," என்றான் புருஷன்.

"நீங்க எப்பப் போறதா உத்தேசம்?" என்றாள்.

வியாழக்கிழமைவரை அவளும் வாயை மூடித்தான் இருந்தாள். சொன்னால் ஊரே சிரிக்கும். ஜெல் போகும், இல்லை வேலை போகும். அன்று தீனிக்காரர் தன் அலமாரியைக் காலிசெய்து, ஒரு சீப்பையும் உடைந்த குடையையும் பையில் போட்டுக்கொண்டிருந்தார். அவள் நேராக டாக்டர் அறைக்குப் போனாள்.

"மாவு இல்ல டாக்டர். நான்."

"நீங்க என்ன?"

ஜெல்லை மேசைமேல் வைத்தாள். "தீட்டு நின்னுபோச்சில்ல, அதுக்கு. காலையில ரெண்டு கையிலயும் தேய்ச்சுக்கறது. காயறதுக்குள்ள பஸ் வந்துடுது."

ஒரு நாளைக்கு நானூறு தடவை பெண் ஹார்மோன் என்று சொல்கிற மனிதர், கூரை மின்விசிறிக்கு எத்தனை இறக்கை என்று எண்ண ஆரம்பித்தார்.

"முதல்ல எந்தத் தொட்டியில கைவிடுவீங்க?"

"சுத்தத்துலதான். 'சுத்தம் முதலில், அழுக்கு பிறகு'ன்னு நீங்கதானே செவுத்துல ஒட்டியிருக்கீங்க? முழங்கை வரைக்கும் விட்டு கண்ணாடிப் பாசியை வழிச்சா, அழுக்குத் தொட்டிக்குப் போறப்ப கை பளிச்சுனு இருக்கும்."

டாக்டர் தலையைப் பிடித்துக்கொண்டார். பிறகு கடிதத்தை நிறுத்திவைக்கச் சொல்லி மேலே ஆள் அனுப்பினார். மறுநாள் காலை வழக்கம்போல ஜெல் தேய்த்து வந்தவளை ஒரு காலித் தொட்டியில் கைவிடச் சொன்னார். சோதனையில் அதே ஹார்மோன் வந்தது, அவர் எதிர்பார்த்ததைவிட மூன்று மடங்கு.

இரண்டு பேர் வேலையும் தப்பியது. ஆனால் இனி அவள் கையுறை போட வேண்டும், ஜெல் தொடையில்தான். மீன்கள் பயப்படுமே என்று தொட்டிக்காரி இரண்டு நீலக் கையுறைகளில் மணல் நிரப்பி, மூன்று நாள் தண்ணீரில் தொங்கவிட்டாள். நாலாம் நாள் மீன்கள் ரப்பர் விரலையும் கடித்தன.

ஆராய்ச்சிப் பதிவேட்டில், மீன்கள் செத்த காரணத்துக்கு எதிரே டாக்டர் 'வெளிப்புற மாசு' என்று நாகரிகமாக எழுதியிருந்தார். அதைப் படித்தது தீனிக்காரர்தான். டீ நேரத்தில் அவள் உள்ளே வந்ததும் ஆரம்பித்தார்.

"வாம்மா வெளிப்புற மாசு. ஆம்பளை மீனையெல்லாம் கெடுத்துட்டியாமே?"

"உன் சோத்தைக் காப்பாத்தின மாசுய்யா. எந்திரிச்சு நில்லு."

சிரித்தபடிதான் எழுந்தார். சிரிப்பு முடிந்தபிறகும் உட்காரவில்லை. அவள் டீயைக் குடித்துத் தீர்க்கும்வரை கையில் தீனிக் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தார்.