வாடகை கேட்காமல் போனவர்

வீட்டுக்காரர் வாடகை கேட்பதை நிறுத்தியபோதுதான் எனக்குப் பயம் பிடித்தது.

அதற்கு முன்பு மாதம் பிறந்தால் சிலாவத்துறையிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து வாசல் படலையடியில் ஹோர்ன் அடிப்பார். உள்ளே வாங்கோ என்றால் வரமாட்டார். காசை எண்ணிப் பார்க்காமலே சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, கிணற்றுத் தண்ணீர் எப்படி, மோட்டர் வேலை செய்கிறதா என்று கேட்டுவிட்டுப் போவார். முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுகிறதுபோல நாங்கள் அவரை நானா என்றே கூப்பிட்டோம். மன்னார் பட்டினத்தில் அவருடைய வாப்பா கட்டிய வீடு அது. நாங்கள் அரிப்புக் கிராமத்திலிருந்து மகளின் படிப்புக்காக வந்து குடியிருந்தோம்.

என் கணவர் கடலட்டை பிடிக்கக் கடலுக்குள் சுழியோடுகிறவர். ஒரு நாள் ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்ததில் காதால் இரத்தம் வந்துவிட்டது. இனிக் கொஞ்சக் காலத்துக்குத் தண்ணீருக்குள் இறங்கவே கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். நான் நண்டுச் சதை பிரிக்கும் கம்பனியில் வேலை செய்தேன். அங்கேயும் நண்டு வரவில்லையென்றால் வேலை இல்லை. வாடகை ஒரு மாதம் நின்றது, பிறகு அடுத்த மாதமும் நின்றது.

முதல் தடவை நானா, "பரவாயில்ல தங்கச்சி, அவருக்குச் சுகமாகட்டும்" என்றார். அடுத்த தடவை என் தோளுக்கு மேலால் வீட்டைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனார். அதற்குப் பிறகு வரவேயில்லை.

வரவில்லை என்றுதான் நாங்கள் நினைத்தோம். பக்கத்துவீட்டு அக்கா ஒரு நாள் மதிலுக்கு மேலால் தலையை நீட்டிக் கேட்டார்.

"ஏன், வீட்டை விக்கப்போறாரோ உங்கட நானா?"

"ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்ல. நீங்கள் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போன பிறகு வந்து சுத்திச் சுத்திப் படமெல்லே எடுக்கிறார். போன கிழமையும் வந்தவர்."

அன்றிரவு கணவரிடம் சொன்னேன். கேட்க வேண்டியவர் நேரே வந்து கேட்கலாமே. ஆளில்லாத நேரம் பார்த்து ஏன் வர வேண்டும்? மன்னார்த் தீவில் காற்றாலை வேலைக்கு எஞ்சினியர்மார் வந்து வீடு தேடித் திரிந்த காலம் அது. எங்கள் வாடகையைப்போல இரண்டு மூன்று மடங்கு கொடுக்க ஆயத்தமாக இருந்தார்கள்.

"அதுதான் விசயம்," என்றார் கணவர். "எங்கள வெளியில போட ஒரு சாட்டுத் தேடுறார். வாடகை கூடக் கூட நிக்கட்டும் எண்டு விட்டு வைச்சிருக்கிறார்."

அதன்பின் நாங்கள் வீட்டைத் தனியே விடவில்லை. நானும் மகளும் காலைப் பூசைக்குப் போனால் கணவர் அந்திப் பூசைக்குப் போனார். மடு மாதா திருவிழாவுக்கும் போகவில்லை. நாங்கள் திரும்பி வரும்போது பூட்டு மாறியிருந்தால் என்ன செய்வது? மகளுக்குச் சாதாரண தரப் பரீட்சை வருகிற நேரம். தெருவில் ஹோர்ன் சத்தம் கேட்டாலே புத்தகத்தை மூடிவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள்.

ஒரு புதன்கிழமை இரண்டு பேர் டேப்போடு வந்து வேலி நீளம் அளந்தார்கள். ஏன் அளக்கிறீர்கள் என்று கேட்டேன். "சொந்தக்காரர் சொன்னவர்" என்றார்கள். அதற்குமேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை. நல்ல மனிதர் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தவரை அன்று மனதுக்குள் வாய்க்கு வந்தபடி ஏசினேன்.

அந்த வாரந்தான் ஐஸ் தொழிற்சாலையில் காவலுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டோம். வதிவிடச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். நான் ஜீ.எஸ் என்கிற கிராம சேவகரின் கந்தோருக்குப் போய் எடுத்து வந்தேன். யாருடைய வீடு என்று அவர் கேட்டார், சொன்னேன். அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்த கையோடு நானா மனைவி ராத்தாவையும் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். ஹோர்ன் அடிக்கவில்லை. படலையைத் திறந்து, செருப்பைக் கழற்றி, கேட்காமலே உள்ளே வந்து கதிரையில் இருந்தார். கோபமாக்கும் என்று நினைத்தேன்.

"தங்கச்சி, உண்மையச் சொல்லுங்கோ. ஜீ.எஸ்ஸிட்ட என்னத்துக்குப் பேப்பர் எடுத்தனீங்கள்?"

"இவருக்கு வேலைக்கு. ஐஸ் கம்பனியில கேட்டவை."

"வேலைக்கோ, வீட்டுக்கோ?"

எனக்கு விளங்கவில்லை. கணவர் எழும்பிவிட்டார். "என்ன கதைக்கிறியள் நானா? வாடகை நிக்குதுதான், நாங்கள் இல்லையெண்டு சொல்லேல்ல. அதுக்காகக் கள்ளரைப் போலப் பாக்கிறியளோ?"

"நீங்கள்தான் கள்ளர் மாதிரி வாறியள்," என்று நானும் சொல்லிவிட்டேன். "நாங்கள் பூசைக்குப் போற நேரம் பாத்து வந்து படமெடுக்கிறது, ஆள் விட்டு அளக்கிறது. எஞ்சினியர்மாருக்குக் குடுக்கிறதெண்டால் முகத்துக்கு நேர சொல்லுங்கோவன்!"

அதற்கு ராத்தாதான் பேசினார். அதுவரை அவருடைய குரலை நான் கேட்டதில்லை.

"புள்ள, தொண்ணூறில முஸ்லிம் ஆக்கள எல்லாம் வெளியேத்தினப்ப இந்த வீட்ட விட்டு உடுத்த உடுப்போட போனவங்க இவங்கட குடும்பம். புத்தளத்தில ஓலைக் கொட்டிலுக்குள்ள கிடந்து, சண்டை முடிஞ்சு வந்து பாத்தா இங்க வேற ஆக்கள். அவங்களும் எங்கயோ இருந்து ஓடி வந்தவங்கதான், பாவம். ஆனா இங்கதான் குடியிருக்கிறம் எண்டு ஜீ.எஸ்ஸிட்ட எடுத்த பேப்பர் கையில வைச்சிருந்தாங்க. கோட்டுக்கு நடந்து நடந்து வீடு கைக்கு வரக்குள்ள வாப்பா மவுத்தாயிட்டார். இதுக்குள்ள ஒரு நாள் படுக்கக் கிடைக்கல்ல அவருக்கு."

நானா தரையைப் பார்த்தபடி சொன்னார். "வாடகை நிண்டா ஆக்கள் இடத்த விட்டுப் போகமாட்டாங்க எண்டு ஒருத்தன் சொன்னான். புதுசா ஏதும் கட்டுறீங்களோ, ஆக்களக் கூட்டி வந்து வைச்சிருக்கிறீங்களோ எண்டு பாக்கத்தான் வந்தனான், வேலி தள்ளியிருக்கோ எண்டு பாக்கத்தான் அளக்க ஆள் விட்டனான். கேக்க வெக்கமாயிருந்திச்சு. பிறகு பேப்பர் எடுத்ததெண்டு கேள்விப்பட்டா நான் என்னத்த நினைக்கிறது?"

"எஞ்சினியர்மார்?" என்றேன் நான். விட மனமில்லை.

"வந்து கேட்டவங்கதான்," என்றார். "நான் ஓம் எண்டும் சொல்லல்ல, இல்ல எண்டும் சொல்லல்ல."

ஆக நான் சந்தேகப்பட்டதும் முழுப் பொய்யில்லை. அவர் பயந்ததில் மட்டும் ஒரு துளி உண்மையும் இல்லை. அந்த வீட்டைப் பிடித்துக்கொள்ளும் எண்ணம் எங்களுக்குக் கனவிலும் இருந்ததில்லை. ஆனால் அதை அவர் எப்படி நம்புவார்? எங்களுக்கு முன்பு அந்த வீட்டைப் பிடித்திருந்தவர்களும் அவரிடம் இதையேதான் சொன்னார்களோ, எனக்குத் தெரியாது.

எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறோம் என்றார் கணவர். பேப்பரே வேண்டாம் என்று நானா மறுத்தார். கடைசியில் ராத்தாதான் வழி சொன்னார். அடுத்த கிழமை எங்கள் பங்குச் சுவாமியாரும் அவர்களுடைய பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருந்த ஒரு ஹாஜியாரும் கோயில் வளவுக்குள் வேப்பமர நிழலில் இருக்க, நாங்கள் இரண்டு குடும்பமும் முன்னால் நின்றோம். இது நானாவின் வீடு, கேட்கிற அன்றைக்கு எழும்பிப் போவோம் என்று கணவர் சொன்னார். மகளின் பரீட்சை முடியும்வரை கேட்கமாட்டேன், நின்ற வாடகையை முடிந்தபடி தரட்டும் என்று நானா சொன்னார். சுவாமியார் எல்லோருக்கும் பிளேன்டீ கொடுத்தார். நானாவும் கணவரும் கதைக்க ஒன்றுமில்லாமல் மழையைப் பற்றிக் கதைத்தார்கள்.

ஐஸ் தொழிற்சாலை வேலை கிடைத்தது. கடலில் உழைத்த அளவுக்கு வராது, ஆனால் மாதா மாதம் வரும். நின்றதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து முடித்தோம். பரீட்சை முடிந்த பிறகு நானா வந்து, வாடகையைக் கூட்டித் தந்தால் இருங்கோ என்றார். கூட்டிக் கொடுத்தோம். இப்போதும் அந்த வீட்டில்தான் இருக்கிறோம். நோன்புக் காலத்தில் ராத்தா கஞ்சி கொடுத்தனுப்புவார், நத்தாருக்கு நான் பலகாரம் அனுப்புவேன்.

கணவர் எல்லாம் தீர்ந்துவிட்டது என்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. போன மாதம் மழை ஒழுக்குக்கு இரண்டு தகரத் தகடு வாங்கி வந்தார். குசினிக் கூரையில் அடிப்பதற்கு முன்பு நானாவுக்குப் போன் பண்ணிக் கேட்கச் சொன்னேன். "அடியுங்கோ, அடியுங்கோ" என்று சிரித்தாராம். அடுத்த நாள் பின்னேரம் அந்தப் பக்கம் ஒரு அலுவலாக வந்ததாகச் சொல்லிக்கொண்டு வந்து நின்றார். கூரையை நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் தேத்தண்ணி ஊற்றப் போன நேரத்தில் பார்த்திருப்பார்.