மாஸ்டர் கேட்ட நீலம்

அந்த ஊரில் கார் ஓட்டத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் ஒரே மஞ்சள் காரில் கற்றவர்கள். வயது ஐம்பதைத் தாண்டிய கார். உருண்டை விளக்கு, தொந்தி தள்ளிய பின்புறம், பக்கத்து இருக்கையிலும் ஒரு பிரேக். கற்றுக்கொள்கிறவர்கள் வருகிறார்கள் என்று தூரத்திலேயே தெரிந்து மற்றவர்கள் ஒதுங்கட்டும் என்பதற்காக டிரைவிங் மாஸ்டர் அதற்கு எலுமிச்சை மஞ்சள் அடித்திருந்தார். முப்பது வருடம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து திட்டினார், ஊர் ஓட்டிப் பழகியது. போன வருடம் இரண்டு வகுப்புகளுக்கு நடுவே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர், எழவில்லை.

மிஞ்சியது காரும் மனைவியும். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசி போட்டு ரத்தம் எடுப்பது அவள் வேலை. அதுவரை பேருந்தில் போய் வந்தவள், நிறுத்தி வைத்தால் வண்டி செத்துப்போகும் என்று காரை எடுத்தாள். வெளியே சொன்ன காரணம் அது. அவர் கால் பட்டே தேய்ந்து வழவழப்பான அந்த இரண்டாவது பிரேக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டு, யாரும் பார்க்காமல் கொஞ்ச தூரம் அழுதுகொண்டே போக வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

முதல் சிக்னலிலேயே பிடித்துக்கொண்டார்கள். ஸ்கூட்டரில் வந்த வங்கி அதிகாரி ஒருவர் ஜன்னல் விளிம்பைப் பற்றிக்கொண்டு, மாஸ்டர் தன்னை ஒரு வாரம் முழுக்க மேட்டில் வண்டியைப் பின்னால் எடுக்க வைத்த கதையைச் சொல்லி மூக்கைச் சிந்தினார். பச்சை விழுந்தும் விடவில்லை. அவள்தான் அவருக்கு ஆறுதல் சொல்லி அனுப்ப வேண்டியிருந்தது. பெட்ரோல் பங்க்கில் ஒருவர், பள்ளிக்கூட வாசலில் இருவர் என்று தினமும் இதே கதை. வேலை செய்யும் இடமும் தப்பவில்லை. கையில் ரப்பர் பட்டையைக் கட்டி நரம்பு தேடும் நேரத்தில், "வாசல்ல நிக்கிற மஞ்சள் வண்டி உங்களுதா?" என்று ஆரம்பிப்பார்கள். கையை ஆட்டி ஆட்டிப் பேசுகிறவர்களுக்கு எப்படி ஊசி ஏற்றுவது? ஆளாளுக்கு அவளிடம் அழுதுவிட்டுப் போனார்கள். அவள் முறை வரவே இல்லை.

காட்டிக்கொடுப்பது அந்த மஞ்சள்தான். அதே மாதிரிப் பழைய கார்கள் ஊரில் இன்னும் நாலைந்து ஓடின, அவற்றை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. சாலையில் பத்துக்கு ஏழு வண்டி சாம்பல் நிறம். அந்தக் கூட்டத்தோடு கலந்துவிட்டால் போதும்.

பெயின்டரும் மாஸ்டரிடம் கற்றவன்தான். ஏதோ ஒரு காரின் முகப்பை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தவன், சாம்பல் என்றதும் அவள் விளையாடுகிறாள் என்று நினைத்துச் சிரித்தான். நினைப்பு தவறு என்று புரிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

"சாம்பல் அடிச்சா அது மாஸ்டர் வண்டியே இல்லக்கா. ஏதோ ஆபீஸ் வண்டி."

பக்கத்தில் நின்ற காருக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. அந்தக் கால்களும் பேசின. "மஞ்சளை எடுத்தா ஊரே சேர்ந்து எங்களை உதைக்கும், பார்த்துக்குங்க."

பெயின்டர் வேறு யோசனை சொன்னான். அதே மஞ்சளைப் புதிதாக அடித்து, அடுத்த தெருவிலிருந்தே கண்ணைப் பறிக்கிற மாதிரி மினுக்கித் தருவானாம். அவள் மறுபடியும் சாம்பல் என்றாள். நிறங்களின் அட்டையை அவள் கையில் கொடுத்துவிட்டு அவன் தணிந்த குரலில் கேட்டான்.

"மாஸ்டர் இருந்திருந்தா ஒத்துக்குவாரா? நீங்களே சொல்லுங்கக்கா."

முப்பது வருடக் குடித்தனத்தில் மாஸ்டர் நிறத்தைப் பற்றி வாய் திறந்ததே சிக்னலைக் காட்டித் திட்டும்போது மட்டும்தான். ஆனால் மூன்று பேருக்கும் நடுவே அவர் வந்து நின்றுவிட்டார். அவரை வைத்துத்தான் அவரைத் தாண்ட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. சாவுக்கு முன் யாராவது சாம்பல் நிறம் கேட்பார்களா? விரல் அட்டையில் எதன்மேல் இருந்ததோ அதைச் சொன்னாள்.

"அவர்தான் சொன்னாரு. நீலம் அடிக்கணும்னு."

"எப்போ?"

"கடைசியா."

காருக்கு அடியிலிருந்த கால்கள் வெளியே நகர்ந்து, கலங்கிய கண்களோடு ஒரு முழு ஆளாகி உட்கார்ந்தன. "இதை முதல்லயே சொல்லக் கூடாதாக்கா?" என்றான் பெயின்டர். இன்னொருத்தன் கை படக் கூடாது, கலவையைக்கூடத் தானே கலக்குவேன் என்றான்.

பதினோரு நாள் பேருந்தில் போனாள். கார் நீலமாகி வந்த அன்று மாலை, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு சுற்றுச் சாலையில் விட்டாள். யாரும் திரும்பவில்லை. கண்ணீர் கண்ணை மறைக்க, அவள் ஓரம் கட்டிய நேரத்தில் கண்ணாடியில் தட்டும் சத்தம். ஒரு கணவனும் மனைவியும் குனிந்து பார்த்தார்கள். "மாஸ்டர் கடைசியா கேட்ட நீலம் இதுதானுங்களா?"

பெயின்டர் ஒருவரையும் விட்டுவைக்கவில்லை. முன்பு மாஸ்டரிடம் கற்றவர்கள் மட்டும்தான் நிறுத்தினார்கள். இப்போது அவர் முகத்தைக்கூடப் பார்த்திராதவர்கள் நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள். ஏன் நீலம் என்று ஒருவர் கேட்க, அவருக்கு வானம் பிடிக்கும் என்று சொல்லிவைத்தாள். கண்ணைச் சாலையிலிருந்து எடுத்தால் கையில் அடிக்கிற மனிதருக்கு வானம் பிடித்ததாம். ஒரு பொய்க்கு முட்டுக் கொடுக்க இன்னொன்று, அதற்கு இன்னொன்று. நாளாக நாளாக அவளுக்கே அவர் யாரோ மாதிரி ஆகிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை வெளிநாட்டிலிருந்து மகள் கூப்பிட்டாள். போட்டோ அங்கேயும் போயிருந்தது. கார் நன்றாக இருக்கிறது என்றுதான் ஆரம்பித்தாள்.

"அப்பா எங்கிட்ட சொல்லவே இல்லையேம்மா. அவர் போறதுக்கு முந்தின நாள்தான் அரை மணி நேரம் பேசினோம். டயர் பத்திப் பேசினாரு, மழை பத்திப் பேசினாரு. இதை மட்டும் ஏம்மா சொல்லல?"

அவர் கேட்கவில்லை, எனக்குத்தான் வேண்டியிருந்தது என்று சொல்லிவிடலாம். வாயைத் திறந்தாள். சொன்னால், அப்பாவின் மஞ்சளை அம்மா அழித்துவிட்டாள் என்று ஆகும். சொல்லாவிட்டால், அப்பா தன்னை விட்டுவிட்டார் என்று இவள் காலம் முழுக்க நினைப்பாள். ஜன்னலுக்கு வெளியே கார் வெயிலில் நீலமாக நின்றது.

"சின்ன வயசுல உனக்கு நீலம்னா உயிர். அதனாலதான் கேட்டாரு. நீ வரும்போது காட்டலாம்னு உன்கிட்ட மட்டும் மறைச்சாரு."

மறுமுனையில் அழுகை உடைந்தது. அதில் சந்தோஷமும் இருந்தது.

"இனிமே அந்தக் கலரை மாத்திடாதம்மா. யார் சொன்னாலும்."

"மாத்தல."

மகள் அழுது முடிக்க வெகுநேரம் ஆனது. அவள் போனை ஒரு காதிலிருந்து மறு காதுக்கு மாற்றிப் பிடித்தபடி, நடுநடுவே "சரிம்மா, சரி" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.