தாமரைச்செல்வியின் டூபா

கப்பலூர் கம்பெனியில் ஆறு வருஷம் வேலை பார்த்துச் சேர்த்த காசில் தாமரைச்செல்வி வாங்கியது அந்த மலிவான டூபா, பேண்டில் அடிக்குரலில் முழங்கும் பெரிய பித்தளை ஊதுகருவி. அதன் விசையை விரலால் அமுக்கினால் வால்வைச் சுழற்றுவது ஒரு நூல்தான். தையல் மெஷின் எண்ணெய் விட்டு அவளே பராமரித்தாள்.

"யூனிஃபார்முக்குப் பூ ஆகாது, எடுத்துப் போடு" என்று அவள் வாசிக்கும் கல்யாண பேண்டின் மாஸ்டர் சுருளி தினமும் கத்துவார். அவளும் தினமும் வைத்துக்கொண்டு வருவாள்.

சிம்மக்கல்லில் மாப்பிள்ளை ஊர்வலம். பாதிப் பாட்டில் வால்வு நூல் அறுந்துவிட்டது.

"பொம்பளைய டூபா வாசிக்க விட்டா இப்படித்தான்" என்றார் சுருளி.

தாமரைச்செல்வி கொண்டையிலிருந்த மல்லிகையை உருவினாள். பூவையெல்லாம் ரோட்டில் உதிர்த்தாள். பூக்கட்டிய நூலை நாலாக மடித்து வால்வில் இறுக்கி முடிந்து, ஒருமுறை ஊதிப் பார்த்தாள். சத்தம் கும்மென்று எழுந்தது.

"பாட்ட ஆரம்பிங்கண்ணே" என்றாள். "நாளைக்கு ரெண்டு முழமா வச்சுக்கிட்டு வாரேன்."