ஆணியில்லாத கூரையின் கீழே ஒரு முன்கதிரை

போன மே மாதம் இங்கிலாந்துக்குப் போய்வந்தேன். தனியாக. ஏன் போனாய் என்று கனடாவில், எங்கள் ஸ்காபரோவில் பாதிப்பேர் கேட்டுவிட்டார்கள். ஒருதரம் எழுதிவிட்டால் எல்லாருக்கும் பதிலாகும். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரர் டொரண்டோவில் இருபத்தாறு வருசம் புது வீடுகளுக்கு மரச்சட்டம் அடித்தவர். டோர்செட் பார்க்கில் எங்கள் பிரிட்ஜ் கதவில் ஒரு பழைய கலண்டர்ப் படம் ஒட்டி வைத்திருந்தார். இங்கிலாந்தில் ஹார்ஸ்லிபிரிட்ஜ் என்ற சின்ன ஊரின் நகர மண்டபம். ஐந்நூறு வருசத்துக்கு மேல் பழையது.

"கூரையில ஒரு ஆணி இல்லையடி, முழுக்க மரமுளை. றிற்றயர் பண்ணினாப்பிறகு போய்த் தொட்டுப் பாக்கவேணும்" என்பார். அதற்கு முதலே மாரடைப்பு வந்துவிட்டது.

ஏப்ரலில் அவருடைய ஆட்டைத்திவசம், முதல் வருசத் திதி, முடிந்தது. அதே கிழமை அவருடைய அக்கா, என் மச்சாள், வீட்டுக்கு வந்தா. செப்டெம்பரில் என் மகள் துஷாவுக்குக் கலியாணம்.

"நீ வாசலில நிக்காதை, மேடைக்கும் வராதை. தாரைவாத்துக் குடுக்க நானும் என்ரை மனுசனும் இருக்கிறம்தானே. பின்னால இருந்து பார். பிள்ளைக்கு நல்லது" என்றா.

பிள்ளைக்கு நல்லது என்றதும் நானும் தலையாட்டிவிட்டேன். அடுத்தநாள் அவருடைய அந்த மண்டபத்தைப் பார்க்க டிக்கெட் போட்டேன்.

டொரண்டோவிலிருந்து லண்டனுக்கு நேர் விமானம், ஏழு மணித்தியாலம், போகவர 940 டொலர். லண்டனிலிருந்து ரயில் ஒரு மணி ஐம்பது நிமிசம், போகவர 41 பவுண்ட். சனிக்கிழமை காலை 11.20க்கு இறங்கினேன். ஸ்டேசனிலிருந்து மண்டபம் இரண்டு கிலோமீற்றர். டாக்ஸிக்கு 8 பவுண்ட்.

டாக்ஸிக்காரர் பருத்தித்துறை ஆள்.

"அக்கா, உந்தப் பழைய கட்டடத்தைப் பாக்கவோ கனடாவிலயிருந்து வந்தனீங்கள்? பதினொரு வருசமா உதுக்கு முன்னாலதான் நிக்கிறன், ஒருநாளும் உள்ளுக்குப் போகேல்லை."

"அப்ப இண்டைக்கு வாங்கோ. எனக்கு இங்கிலீஷ் அரைகுறை."

"மொழிபெயர்ப்புக்குக் காசு தனி" என்று சிரித்துக்கொண்டு இறங்கி வந்தார். வாங்கவில்லை.

வாசலில் திறப்புக்கோர்வையோடு கதவைத் திறந்துகொண்டு ஒரு வெள்ளைக்காரப் பெண் நின்றா. பகல் ஒரு மணிக்கு மாடியில் கலியாணம், இருபது நிமிசம்தான் தரலாம் என்றா. கலியாணம் என்றதும் திரும்பிவிடலாமா என்று நினைத்தேன். இவ்வளவு தூரம் வந்துவிட்டு என்ன திரும்புவது? ஏறினேன். இருபத்துமூன்று படி, ஒடுக்கம், லிப்ட் இல்லை.

கீழே கல், மேலே மரம். அந்தக் காலத்தில் ஊர் வியாபாரிகளும் தொழிலாளிகளும் ஒரு சங்கம் வைத்து இதைக் கட்டினார்களாம். செத்த அங்கத்தவர்களுக்காகச் செபம் செய்வது, வருசம் ஒருமுறை ஒன்றாய் இருந்து சாப்பிடுவது, ஊர் வழக்கைப் பேசுவது எல்லாம் இங்கேதான். பிறகு அரசன் இப்படியான சங்கங்களைக் கலைத்துவிட்டான். ஊர்ச்சனம் மண்டபத்தை விடவில்லை, தாங்களே வாங்கி நகரசபையாக்கினார்கள். கீழறை கொஞ்சக்காலம் கள்ளரை அடைக்கும் மறியல், மேலே கொஞ்சக்காலம் பள்ளிக்கூடம். ஆட்சி மாறமாற வேலை மாறியது, கூரை மாறவில்லை.

தூணைத் தொட்டேன். முளையின் தலை விரலில் தட்டுப்பட்டது. நீங்கள் சொன்னது சரி என்று அவருக்கு மனதுக்குள் சொன்னேன்.

அந்தப் பெண் விருந்துக்கு இருக்கும் நீள மரவாங்கு ஒன்றைக் காட்டி என்னவோ சொன்னா. டாக்ஸிக்காரர் தமிழில் சொன்னார்: "அந்தச் சங்கத்தில புருசன் செத்தா, விருந்தில அவற்றை இடத்தில பெண்சாதி இருப்பாவாம். அவற்றை பேரையும் வெட்டமாட்டினமாம்."

நான் திரும்பக் கேட்டேன். "அவற்றை இடத்திலயோ? பின்னால இல்லையோ?"

"இல்லையாம் அக்கா. அதே இடமாம்."

அப்போது படியில் சத்தம். கலியாணப் பொம்பிளை நேரத்துக்கு முதலே வந்துவிட்டாள். இருப்பது ஒரே படிக்கட்டு, இறங்க வேறு வழியில்லை. நான் ஓடித் தூணுக்குப் பின்னால் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அக்கா, ஏன் ஒளிக்கிறியள்?"

"என்ரை முகத்திலயோ அந்தப் பிள்ளை முழிக்கிறது?"

"ஐயோ, இவைக்கு முழிவியளம், சகுனம் எண்டால் என்னெண்டே தெரியாது!"

திறப்புக்காரப் பெண் எனக்குத் தலைசுற்று என்று நினைத்துவிட்டா. கையைப் பிடித்து வந்து முன்வரிசைக் கதிரையில் இருத்தினா, வாசலுக்கு நேரே. பொம்பிளை வந்தாள், சப்பாத்து வார் கழன்றிருந்தது. பூச்செண்டை என் கையில் தந்து, என் தோளைப் பிடித்துக்கொண்டு வாரை மாட்டினாள். "தாங்க்யூ, லவ்" என்றாள். நான் அண்ணாந்து பார்த்தேன். கூரை இருந்த இடத்தில் இருந்தது.

ஒளித்ததற்காக வெட்கப்பட்டேன். மகளுக்கு அம்மா கெடுதல் என்று மற்றவர்கள் சொல்லலாம். நானே அதை நம்பிச் சுவரைப் பார்த்து நின்றேனே, அதுதான் பிழை.

டொரண்டோவுக்கு வந்ததும் மச்சாளுக்குப் போன் எடுத்தேன். "நான்தான் மேடையில நிண்டு தாரைவாத்துக் குடுப்பன். ஐயர் மாட்டன் எண்டால் வேறை ஐயர் பாக்கிறன்" என்றேன். பக்கத்தில் நின்ற துஷா, "அம்மா, ஃபைனலி!" என்று கட்டிப்பிடித்தாள்.

போக நினைக்கிறவர்களுக்கு: சனிக்கிழமைகளில் கலியாணம் இருக்கும், முதலே போன் பண்ணிக் கேளுங்கள். நுழைவு 5 பவுண்ட். முழங்கால் நோவுள்ளவர்கள் கீழறையை மட்டும் பார்க்கலாம். மே மாதத்திலும் உள்ளே குளிரும், சுவெற்றர் கொண்டுபோங்கள். கலியாணத்துக்கு நடுவில் மாட்டிக்கொண்டால் ஒளிக்காதீர்கள்.

செப்டெம்பரில் எங்கள் மண்டப வாசலில் பன்னீர்ச்செம்போடு நான்தான் நிற்பேன். உள்ளே வருகிறவர்கள் என் முகத்தில் முழித்துவிட்டுத்தான் வரவேண்டும்.