ஓர் உலோகமும் இரண்டு சம்பந்திகளும்

பதிப்பகத்தில் எல்லோரும் அவளை அகராதியம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆறு மொழி அறிவியல் அகராதியை அவள் ஒருத்தியாகத் தொகுத்துக்கொண்டிருந்ததால் வந்த பெயர். அவளுடைய முன்கோபத்தைப் பார்த்தவர்கள் வேறு காரணம் சொல்வார்கள்.

‘ட’ வரிசையில் டங்ஸ்டன் வரை வண்டி ஓடியது. அடுத்து வந்து மறித்தது டிஸ்ப்ரோசியம். மோட்டார் காந்தங்கள் சூட்டில் வலுவிழக்காமலிருக்கச் சேர்க்கிற அருமண் உலோகம். கிட்டுவதற்கு அரியது என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர். ஸ்பானியர் அதை டிஸ்ப்ரோசியோ என்று வாலை மட்டும் மாற்றிக்கொண்டார்கள். சீனர்கள் ஒரே எழுத்தில் முடித்துவிட்டார்கள். முன்பு அம்புமுனையைக் குறித்த எழுத்து அது. ஐந்து மொழிக் கட்டங்களும் ஒரு காலைப்பொழுதில் நிரம்பின. தமிழ்க் கட்டம் மட்டும் காலியாகக் கிடந்தது.

ஒவ்வொரு சொல்லுக்கும் இருவர் ஒப்புதல் தர வேண்டும். ஒருவர் வேதியியல் பேராசிரியர், இன்னொருவர் இலக்கணப் புலவர். பேராசிரியர் ‘டிஸ்ப்ரோசியம்’ என்று எழுதி அனுப்பினார். புலவர் அதை அடித்துவிட்டு ‘திசிப்புரோசியம்’ என்றார். தாள் போனது, வந்தது, மறுபடி போனது. மழைக்காலமே முடிந்துவிட்டது. பொறுக்க முடியாமல் புலவர் வீட்டுக்கே கிளம்பிப் போனாள்.

“டகரம் சொல்லுக்கு முதல்ல வராதும்மா.”

“டங்ஸ்டனுக்குக் கையெழுத்துப் போட்டீங்களே ஐயா.”

“அது அப்போ” என்று சொல்லிவிட்டுப் புலவர் உள்ளே போய்விட்டார்.

சுவரில் ஒரு கல்யாணப் படம். மணமகளுக்குப் பக்கத்தில் புலவர். மணமகனுக்குப் பக்கத்தில் சாட்சாத் பேராசிரியர். அவள் படத்தையே பார்ப்பதைக் கண்ட புலவரின் மனைவி குரலைத் தாழ்த்தினாள்.

“எங்க சம்பந்திதான். நல்லாத்தான் இருந்தாங்க. பேத்தி பிறந்தா, பேர் வைக்கிறதுல முட்டிக்கிச்சு. இவர் ஒரு பேர் சொல்லிக் கூப்பிடறார், அவர் ஒண்ணு சொல்லிக் கூப்பிடறார். குழந்தை ரெண்டுக்கும் திரும்ப மாட்டேங்குது.”

அகராதியம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவ்வளவு நாளும் இலக்கண நூல்களைப் புரட்டியதெல்லாம் இதற்குத்தானா? சரி, முள்ளை முள்ளால்தான் எடுக்க வேண்டும் என்று முடிவுசெய்தாள். புலவர் திரும்பி வந்ததும், பேராசிரியர் மனம் மாறித் ‘திசிப்புரோசியம்’தான் வேண்டும் என்கிறார் என்று கூசாமல் பொய் சொன்னாள்.

புலவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அவரா? அப்படின்னா டிஸ்ப்ரோசியமே இருக்கட்டும். உலக வழக்குன்னு ஒண்ணு இருக்கில்ல” என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அந்தத் தாளோடு நேராகப் பேராசிரியரிடம் போனாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

“அவரே ஒத்துக்கிட்டாரா?”

“ஆமா சார்.”

“அப்போ இதுல ஏதோ சூது இருக்கு. நான் போட மாட்டேன்.”

பேராசிரியரின் மகன் வழியாக அவள் சொன்ன பொய் இரண்டு வீட்டுக்கும் தெரிந்துபோனது. இருவரும் பழைய இடத்துக்கே திரும்பி, முன்னைவிட அழுத்தமாக நின்றுகொண்டார்கள்.

அச்சுக்குப் போகும் நாள் நெருங்கியது. “ரெண்டையும் போட்டுத் தொலை, ரெண்டுக்கும் கீழ விளக்கம் குடு” என்றார் மேலாளர். அப்படியே செய்தாள். மெய்ப்புத் தாள்கள் இருவர் பார்வைக்கும் அனுப்பப்பட்ட வாரத்தில் அவள் காய்ச்சலில் படுத்துவிட்டாள்.

புத்தகம் வந்ததும் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் திறந்தாள். ‘டிஸ்ப்ரோசியம்: காண்க, திசிப்புரோசியம்.’ தகர வரிசைக்குத் தள்ளினாள். ‘திசிப்புரோசியம்: காண்க, டிஸ்ப்ரோசியம்.’ சம்பந்திகள் ஆளுக்கொரு மெய்ப்புத் தாளில் எதிராளியின் சொல்லுக்கிருந்த விளக்கத்தை அடித்துவிட்டு, ‘காண்க’ என்று தங்கள் சொல்லைக் காட்டியிருந்தார்கள். அச்சுக்கோப்பவர் இரண்டு திருத்தத்தையும் பயபக்தியோடு செய்து முடித்திருந்தார்.

அவளுடைய கணவர் மோட்டார் பழுதுபார்ப்பவர். அன்று சாயங்காலம் இரண்டு பக்கத்தையும் மாறிமாறிப் புரட்டினார். “அப்போ அது என்னன்னு கடைசி வரைக்கும் சொல்லவே இல்லையா?”

அவள் புத்தகத்தை வாங்கி மூடிவைத்தாள். மறுநாள் காலையில் பதிப்பகத்துக்குப் போய், ஒரு திருத்தச் சீட்டாவது ஒட்டிவிடலாம் என்று மேலாளரிடம் கெஞ்சினாள்.

“ஒட்டலாமே, அதுக்கென்ன” என்றார் அவர். “அவங்க ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டா போதும்.”

அவள் இருக்கைக்குத் திரும்பி, கணிதப் பிரிவுக்கு மாற்றல் கேட்டு எழுத ஆரம்பித்தாள்.