பொட்டு வைத்த பொத்தான்

ராஜாராமனுக்குக் கோபம் வருவது அபூர்வம். பால் திரிந்தால் வராது, மின்சார ரயில் முக்கால் மணி நேரம் தாமதமானாலும் வராது. ஆனால் கையில் ஒரு கேமராவைக் கொடுத்து, அதன் பொத்தான் மட்டும் சரியில்லை என்றால் மனுஷன் துர்வாசர் ஆகிவிடுவார்.

வேலை தந்தி ஆபீசில். கட்டு, கட என்று தந்திச் சாவியைத் தட்டியே இருபது வருடம் ஓட்டிய விரல் அது. பொத்தான் எப்படி இருக்க வேண்டும் என்பதில் அதற்குத் திட்டவட்டமான அபிப்பிராயம் உண்டு. அழுத்தினால் முதலில் கொஞ்சம் இடம் கொடுக்க வேண்டும். அப்புறம் ஒரு தயக்கம். அதைத் தாண்டினால்தான் 'டிக்'. "கண்ணு கேமரா ஓட்டையில இருக்கும்போது விரல்தான் சார் பார்க்கணும்" என்று சேலையூர் பஸ்ஸில் பக்கத்து சீட்காரருக்கு ஒருநாள் விளக்கினார். அந்தப் பாவப்பட்டவர் இறங்க வேண்டிய ஸ்டாப்பை விட்டுவிட்டு இரண்டு ஸ்டாப் கூடவே வந்தார்.

தொண்ணூற்றொன்றில் அவர் மனைவி சுந்தரவல்லியின் தம்பி கிட்டு, சிங்கப்பூரிலிருந்து ஒரு சின்னக் கேமரா கொண்டுவந்தான். சட்டைப்பையில் அடங்கிவிடும்.

"எல்லாம் ஆட்டோமேட்டிக் மாமா. நீங்க அமுக்கினா போதும்."

"எதை அமுக்கறது?" என்றார் ராஜாராமன்.

கேள்வி நியாயமானதுதான். கேமராவின் தலையில் மூன்று பொத்தான்கள். மூன்றும் ஒரே அளவு, ஒரே வழவழப்பு, மேல்தட்டோடு சமமாகப் படுத்துக் கிடந்தன. ஒன்று பிளாஷுக்கு, ஒன்று படம் எடுக்க, ஒன்று கேமராவைத் திறந்து மூட. கேமராவில் கண்ணை வைத்துக்கொண்டு தடவினால் எது எதுவென்று விரலுக்குத் தெரியாது. பத்துக்கு ஆறு தடவை மூடுகிற பொத்தான்தான் அகப்படும். லென்ஸ் உர்ரென்று உள்ளே போய்விடும். வரிசையாக நின்றவர்கள் சிரித்துக்கொண்டே கலைவார்கள்.

அவர்களுக்கு வேடிக்கை, இவருக்கு வயிற்றெரிச்சல். ஏனென்றால் அவருக்கு இருந்தது ஒரே ஆசை. சுந்தரவல்லி சிரிப்பதை ஒரு தடவையாவது படம் எடுத்துவிட வேண்டும். அவள் சிரித்தால் நாலு வீட்டுக்குக் கேட்கும். ஆனால் பதினெட்டு வருட ஆல்பத்தைப் புரட்டினால், பாஸ்போர்ட் ஆபீசுக்குப் படம் கொடுக்கிறவள் மாதிரி உதட்டை இறுக்கிக்கொண்டு நிற்பாள். பழைய கேமராவில் பிலிமைச் சுற்றி, லென்ஸில் தூரம் வைப்பதற்குள் அவள் வாய் மூடிவிடும். புதியது வந்தும் பிரயோஜனமில்லை. பொத்தானைத் தேடி கேமராவை இறக்கி, மறுபடி கண்ணுக்கு ஏற்றுவதற்குள் அதே இறுக்கின உதடு.

அந்த வருட ஆயுத பூஜைக்கு சுந்தரவல்லி ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. ஸ்கூட்டர், தையல் மிஷின், மிக்ஸி, அரிவாள்மனை, மகள் நாகலக்ஷ்மியின் ஜியாமெட்ரி பாக்ஸ், எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். கேமராவும் பலகையில் ஏறியது. பூஜையில் வைத்ததை மறுநாள் வரை தொடக் கூடாது.

விஜயதசமி காலை, புனர் பூஜை முடிந்து கேமராவை எடுத்தவர் அலறினார்.

"வல்லி! பொத்தான் மேலயா பொட்டு வெப்பாங்க?"

"பின்ன எங்க வெக்கறது? கண்ணாடியில வெச்சா படம் விழாதேன்னு யோசிச்சுதான் மேல வெச்சேன். மூணு வட்டம் இருந்துது. நடுவுல இருந்ததுக்கு வெச்சேன்."

நடுவில் இருந்ததுதான் படம் எடுக்கிற பொத்தான். சந்தனம் அதன்மேல் உளுந்து அளவுக்குக் காய்ந்து பொருக்காக ஒட்டியிருந்தது. கர்ச்சீப்பை எடுத்துத் துடைக்கப் போனவர், விரல் பட்டதும் நின்றுவிட்டார். கேமராவைத் திறந்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு தடவினார். விரல் நேரே போய்ச் சொரசொரப்பில் நின்றது. கையை எடுத்துவிட்டு மறுபடி தடவினார், மறுபடியும் அங்கேயே நின்றது. அழுத்தினார். டிக். சீலிங் பேன் படமாக விழுந்தது.

"கேமரா பண்ணவனுக்குத் தோணலை, உனக்குத் தோணியிருக்கு பாரு!" என்று சந்தோஷம் தாங்காமல் மூக்கைத் தேய்த்துக்கொண்டார். விரலில் இருந்த குங்குமம் முழுக்க மூக்கு நுனிக்குப் போனது.

சுந்தரவல்லி பார்த்தாள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, தலையைப் பின்னால் சாய்த்து, நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சிரித்தாள். ராஜாராமன் கேமராவைத் தூக்கினார். எதையும் தேடவில்லை. டிக்.

மீதி ரோலை நாகலக்ஷ்மி மேல் செலவழித்து, கேம்ப் ரோட்டு ஸ்டுடியோவில் கழுவக் கொடுத்து, படம் கைக்கு வரப் பத்து நாள் ஆயிற்று. சுந்தரவல்லி அதை வாங்கி வெகுநேரம் பார்த்தாள்.

"இதுக்கா இத்தனை வருஷம் அலைஞ்சீங்க?"

"எல்லாம் பொத்தான் பண்ணின வேலை. நான் தேடறதுக்குள்ள நீ வாயை மூடிடுவ."

"பொத்தான் என்ன பண்ணும்? பொண்ணு பார்க்க வந்தன்னிக்கு உங்க அத்தை என்ன சொன்னாங்க? 'பொண்ணு லட்சணம்தான், அந்தத் தெத்துப்பல்லை மட்டும் போட்டோவுல காட்டாம இருந்தா சரி'ன்னாங்க. அன்னிலேர்ந்து கேமராவைப் பார்த்தா எனக்கு வாய் தானா மூடிக்குது."

ராஜாராமன் கேமரா செய்த கம்பெனிக்காரனை எல்லாம் திட்டித் தீர்த்திருக்கிறார். குற்றவாளியோ வருடா வருடம் இதே கூடத்தில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டுப் போயிருக்கிறாள். அவருக்கு வெட்கமாக இருந்தது.

"எனக்கு அந்தப் பல்லுதான் புடிக்கும்" என்றார், மெதுவாக.

"இதை மொதல்லயே சொல்றதுக்கு என்ன?" என்றாள். முகம் மலர்ந்துவிட்டது. படத்தை ஷோகேஸில் சாய்த்து வைத்து, தள்ளி நின்று பார்த்தாள். திருப்தியாகவில்லை. எடுத்து வாசல் பக்கம் பார்க்கிற மாதிரி திருப்பி வைத்தாள்.

"தீபாவளிக்கு உங்க அத்தை வருவாங்க இல்ல? உள்ள நுழைஞ்சதும் கண்ல படட்டும்."